ஒரு குடம் எர்த்து

அமெச்சூர் வானொலிக்காரர் என்றொரு இனம் உண்டு. ஹாம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் மாடியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அங்கே ஒரு கம்பி கட்டியிருக்கும், அதில் துணி காயாது. காயப்போட்டால் சண்டை வரும்.

இவர் பாட்டுப் போடுகிறவர் இல்லை. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, சொந்தக் கையால் ஒலிபரப்புகிற பெட்டி செய்து, உலகத்தின் வேறொரு மூலையில் தன்னைப் போலவே மாடியறையில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைக் கூப்பிடுகிறவர். கூப்பிட்டு என்ன பேசுவார்? "நான் பேசுவது கேட்கிறதா?" என்பார். "கேட்கிறது. நான் பேசுவது?" "கேட்கிறது. அங்கே மழையா?" "ஆமாம், அங்கே?" "இல்லை." நன்றி சொல்லி விடைபெறுவார்கள். இரண்டு பேரும் அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருப்பார்கள். அருப்புக்கோட்டைக்காரருக்கு இதில் ஒரு வசதி: மழை பற்றிய பதிலை மாற்ற வேண்டியதே இல்லை.

இந்த இனத்தில் ஒருவரை ஒரே கூரைக்குக் கீழே நெடுங்காலம் கவனித்திருக்கிறேன். பெயர் பால்பாண்டி. அருப்புக்கோட்டையில் பைப்பும் பம்புசெட்டும் விற்றவர். உறவில் எனக்கு அப்பா. போன மாசியில், அதாவது தொண்ணூற்றொன்பதில், இறந்துபோனார். ஆகவே இந்தச் சித்திரத்தில் பிழை இருந்தாலும் திருத்த ஆள் இல்லை.

ஹாம் ஆவதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்துவிடும். தந்திக் குறிப் பரீட்சைக்குப் படித்த வருடம் அப்பா எதைப் பார்த்தாலும் தட்டினார். முக்கால் இஞ்சு எல்போ கேட்டு வந்தவருக்கு முதலில் மேசையில் விரலால் பதில் சொல்லிவிட்டுப் பிறகுதான் வாயால் சொன்னார். உரிமத்துக்கு எழுதிப் போட்டதும் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். எண்பதுகளில் வயர்லெஸ் என்ற சொல் போலீசுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

"அண்ணாச்சி, வயர்லெஸ்ஸு வைக்கப் போறீகளாம்ல. யாருகூடப் பேசுவீக?"

"யாரு வந்தாலும் பேசுவேன்."

"பேரச் சொல்லுங்க, எழுதணும்."

"கூப்பிட்டாத்தானப்பா பேரு தெரியும்."

"தெரியாத ஆளுககிட்ட என்னத்தப் பேசுவீக?"

"எப்படிக் கேக்குதுன்னு கேப்பேன்."

போலீஸ்காரர் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். 'ஆபத்து இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆன்டெனாவைக் கடையில் வாங்குவது இந்த இனத்துக்கு இழுக்கு. மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையிலிருந்து செம்புக் கம்பி வந்தது. கடையில் மீந்த பி.வி.சி. பைப்புத் துண்டுகள் முனைகளில் மின்தடுப்பாயின. இரும்பு பைப்பு ஒன்று மாடியில் கொடிமரமாக நின்றது. கம்பியின் நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டி, ஏற்றிக் கட்டி, மீட்டரைப் பார்த்து, இறக்கி, இன்னும் கொஞ்சம் வெட்டி, மறுபடி ஏற்றி, அந்தக் கொஞ்சம் அதிகமாகிப்போய், வெட்டியதைத் தேடி எடுத்து ஈயம் வைத்து ஒட்டி, மறுபடி ஏற்றினார். வெட்டின கம்பி வளராது. ஹாம் மட்டும் இதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிப்பார்.

முதல் ஒலிபரப்பை எந்த நாடு கேட்டது என்று தெரியாது. தெருக்கோடி மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. பங்குனிப் பொங்கல் சமயம். பக்திப் பாட்டுக்கு நடுவே அப்பாவின் குரல் ஊரெல்லாம் "சீக்யூ, சீக்யூ" என்றது. யாராவது இருக்கிறீர்களா என்று அதற்கு அர்த்தம். சற்று நேரத்தில் நாலு பேர் வாசலுக்கு வந்து, "கூப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்றார்கள். அருகிலிருப்பவர்கள் வந்தால் ஹாமுக்கு என்ன செய்வதென்று தெரியாது. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். குற்றம் எர்த்தில், அதாவது மின்சாரத்தை மண்ணில் இறக்குகிற கம்பியில், என்று முடிவுசெய்தார்.

வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, பைப்பை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, மாடியறைப் பெட்டியிலிருந்து கம்பி இழுத்து அதில் முறுக்கினார். குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்றது புத்தகம். மழை பெய்கிற நாட்டில் எழுதின புத்தகம். நம் கரிசலில் கோடை வெடிப்புக்குள் சாவி விழுந்தால் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் புத்தகம் சொன்னால் சொன்னதுதான். விடிந்ததும் குழிக்கு ஒரு குடம் தண்ணீர். ஊற்றுவது அம்மா.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏ மதினி, செடியுமில்ல கொடியுமில்ல. எதுக்குத் தண்ணி ஊத்துற?"

"எர்த்துக்கு."

"அது என்ன காய்க்கும்?"

"பிரேசில் காய்க்கும்."

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பயப்படாமல் காத்திருக்கிற ஒரே குடிமகன் ஹாம்தான். தந்திக் கம்பங்கள் சாய்ந்தால் அவரை நாடு தேடும். நம் பக்கம் வருவது வறட்சி. வறட்சி எந்தக் கம்பத்தையும் சாய்ப்பதில்லை. எண்பத்தேழு கோடையில் தெருக் குழாய் வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தது. குளிக்க அரை வாளி, எர்த்துக்கு முழுக் குடம்.

அம்மாவுக்குப் பெயர் தங்கத்தாய். அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள்.

"குடிக்கத் தண்ணியா, குழிக்குத் தண்ணியா? ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுக்கும்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு பரளச்சிக்குப் பஸ் ஏறினாள். பிறந்த வீடு. குடத்தைக் குழியின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் அப்பா அர்ஜென்டினாவோடு பேசினார். நியூசிலாந்தோடு பேசினார். பரளச்சியோடு பேச வழியில்லை. சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு. மேலே போய், வானத்தில் பட்டு, வெகுதூரத்தில்தான் இறங்கும். பக்கத்து ஊர்களைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டப்பட்ட இடத்தில் எவ்வளவு நல்ல பெட்டி வைத்திருந்தாலும் ஒன்றும் கேட்காது. பரளச்சி அந்த இடத்தில் இருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியும்.

கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் போனார். அம்மா அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊருக்கு நம்ம சிக்னல் எட்டாது. அதான் நேர்ல வந்தேன்."

"வந்து?"

"தண்ணிய இனிமே நான் தூக்குறேன். நீ ஊத்து."

"தூக்குற ஆளுக்கு ஊத்தத் தெரியாதாக்கும்?"

"எம்புட்டு ஊத்தணும்னு தெரியாது."

அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

அதன் பிறகு குழாயடி வரிசையில் ஒரே ஒரு ஆண் நின்றார். பெண்கள் விடுவார்களா?

"அண்ணாச்சி, இன்னிக்கு எந்த நாட்டுக்குத் தண்ணி?"

"ருஷ்யா."

"குளுந்த நாடுல்ல. அரைக் குடம் போதும், தள்ளுங்க."

கோயிலில் புது ஒலிபெருக்கி வாங்கினார்கள், சீக்யூ நின்றது. பெருமையை எர்த்து எடுத்துக்கொண்டது. நான் பொறியியல் படித்தேன். மூன்றாம் வருடம் ஆன்டெனா பாடம். விடுமுறையில் வந்து அப்பாவிடம் சொன்னேன்: இந்தக் கம்பி இரண்டு பக்கமும் சமம், சேதி அனுப்ப இதற்கு எர்த்தே வேண்டாம், பாதுகாப்புக்குத்தான் எர்த்து, அதற்கு தினம் ஒரு குடம் தேவையில்லை.

"அத எழுதுனவரு அருப்புக்கோட்டைக்கு வந்திருக்காரா?" என்றார். பேச்சு முடிந்தது. தண்ணீர் முடியவில்லை. போன மாசி வரை தூக்கினார்.

எனக்கு இப்போது துணைமின் நிலையங்களில் எர்த்து சோதிக்கிற வேலை. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் குழாய் வந்தது. அம்மா ஒரு குடத்தைத் தானே தூக்கி வந்து குழியில் ஊற்றினாள். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. மீட்டரை எடுத்து அளந்தேன்.

"நல்ல எர்த்தும்மா. ஆனா இது தேவையே இல்ல."

"தெரியும்த்தா."

"எப்படித் தெரியும்?"

"நீ காலேஜுலருந்து வந்து சொன்னீல்ல, அன்னிக்கே அவுக சொல்லிட்டாக. புள்ள சொல்றது சரிதான், தேவையில்லதான்னு."

"பெறகு எதுக்கு இத்தன வருசம் ஊத்துன?"

"குடத்தத் தூக்கிட்டு வருவாக. நான் ஊத்தி முடிக்கிற வரைக்கும் இங்கனதான் நிப்பாக. நேத்து யாரு பேசுனா, அங்க என்ன குளிரு, எல்லாம் சொல்லுவாக. நிப்பாட்டிட்டா மாடியிலருந்து எதுக்கு எறங்கணும்?"

குடம் காலியாகும்வரை மெதுவாக ஊற்றினாள். நான் மீட்டரைப் பெட்டியில் வைத்தேன்.

இனி உங்களிடம் வருகிறேன். நம் மாடியில் கம்பி இல்லை, நமக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இவ்வளவு தூரம் படித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்கிறீர்கள் அல்லவா? கண்ணாடிக் கூண்டுக்குள் போனதும் என்ன பேசுகிறீர்கள்? நான் போன ஞாயிறு குருவம்மாள் வீட்டுப் போனுக்கு அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியதைச் சொல்கிறேன். ஒத்துப் பாருங்கள்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது. ஒனக்கு?"

"நல்லாக் கேக்குது. மழையா?"

"இல்ல. அங்க?"

"இல்ல. தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"சரி, வச்சிரட்டா?"

உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எங்கள் அப்பாவாவது பரீட்சை எழுதி, போலீஸ் விசாரணை முடிந்து, உரிமம் வாங்கிக்கொண்டு செய்தார்.