கை படாத வைத்தியம்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான சாதனை, நோயாளியைத் தொடாமலே நோயைக் கண்டுபிடிப்பதுதான். அந்தச் சாதனை அன்றாடம் நிகழும் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவிலேயே குடியிருந்தது டிரைவர் செய்த பாக்கியம்.

ஞாயிறு மதியம் மூன்று ஆம்லெட்டை ஒரு கை பார்த்தார். "டீச்சரம்மா, தட்டைக் கழுவாதே. நானே வழிச்சுட்டேன்" என்றார் மனைவியிடம். வலியில்லாமல் அவர் அடித்த கடைசி ஜோக் அது.

சாயங்காலம் சுருண்டுவிட்டார். டீச்சர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். ஆஸ்பத்திரிக் கதவு தானாகவே திறந்தது.

"வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. வலது தோளும் வலிக்குதாம். குளிர் காய்ச்சல் வேற."

"ஒரு டோக்கனுக்கு ஒரு தொந்தரவுதான் மேடம்" என்றாள் கவுன்டர் பெண்.

வயிற்றுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று.

"ஒத்த ஆளா வந்தேன், மூணு பேராக்கிட்டாங்க பாரு" என்று முனகினார் டிரைவர்.

வயிற்று நிபுணர் திரையில் காட்சி தந்தார். "கேஸ் ட்ரபிள்." எலும்பு நிபுணர் தோன்றினார். "ஸ்டியரிங் பிடிக்கிற தோள், வலிக்கத்தான் செய்யும்." காய்ச்சல் நிபுணர் கொட்டாவியோடு வந்தார். "சீசன்."

"மூணும் ஒண்ணா வந்துச்சு டாக்டர். கொஞ்சம் கை வச்சுப் பாருங்களேன்" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று திரை சிரித்தது.

மூன்று மேதைகள், மூன்று மாத்திரைச் சீட்டுகள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்ட இந்த வேகத்தை எப்படிப் பாராட்டுவது!

மாத்திரைகள் தீர்ந்தன, வலி தீரவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில், நாகரிகம் எட்டாத ஒரு டாக்டர் அவருடைய வலது விலாவுக்கு அடியில் விரல்களை வைத்து அழுத்தி, "மூச்சை இழுங்க" என்றார். பாதி மூச்சில் டிரைவர் துடித்து நிறுத்தினார்.

"பித்தப்பை வீங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. வலி, தோள், காய்ச்சல் எல்லாம் ஒரே வியாதிதான்மா. வலி வந்த அன்னிக்கே காட்டியிருக்கக் கூடாதா?"

"காட்டினோம் டாக்டர்" என்றார் டீச்சர்.

ஸ்கேனும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் பித்தப்பை உள்ளே வெடித்திருந்தது. ஆபரேஷனுக்குப் போனவர் கண் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் டீச்சர் பழைய ஆஸ்பத்திரிக்கே போனார். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"ரொம்ப வருத்தம்மா. ஆனா எங்க மேல தப்பில்லை. கேமராவுல முழுசாப் பார்த்துட்டோம். எங்க ஆளுங்க யாரும் உங்க வீட்டுக்காரர் மேல ஒரு விரல்கூட வைக்கல."

"அதைச் சொல்லத்தான் சார் நானும் வந்தேன்."

அவர் திரும்பி நடந்தார். கதவு தானாகவே திறந்தது.