ஆறு ஜிபி அடங்கல்

"டீச்சர், டிஸ்க்கை ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது," என்றார் தாலுகா ஆபீஸ் கிளார்க் பஞ்சநதம்.

"ஐயோ, வேணாம் சார்!" தங்கம்மாள் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குள் இருந்தது முப்பது வருட அடங்கல். பண்ணை வயலைக் குத்தகைக்கு உழுதது யார் என்று வருடாவருடம் எழுதிய பதிவேடு. உழுதவர்கள் முப்பத்திரண்டு குடும்பங்கள். அப்படி யாரும் உழவே இல்லை என்றது பண்ணை. பழைய நோட்டுகள் தொட்டாலே உதிர்ந்ததால், படம் காட்டினால் போதும் என்றிருந்தார் தாசில்தார். தங்கம்மாளின் தம்பி ஒரு மாதம் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரே ஃபைலாக்கி, நேரே இந்த டிஸ்க்கில் ஏற்றியிருந்தான்; வேறு பிரதி இல்லை. அவன் கம்ப்யூட்டர் லினக்ஸ். ஆபீஸ் கம்ப்யூட்டர் விண்டோஸ்; லினக்ஸ் டிஸ்க்கை அதற்குப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு விசாரணை.

எதிரே யூனுஸ் பாயின் ஜெராக்ஸ் கடை. அவர் மகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் லினக்ஸும் இருந்தது. செருகியதும் திறந்துகொண்டது. முதல் பக்கத்திலேயே தங்கம்மாளின் அப்பா பெயர். அவளுக்குக் கண் கலங்கியது.

"விண்டோஸ் படிக்கிற பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன் டீச்சர்," என்றார் யூனுஸ் பாய்.

நாலு ஜிபி வரை ஏறி நின்றது. பென்டிரைவில் அதுவரை ஏறியிருந்ததும் அழிந்தது.

"நாலுக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா இது வாங்காது. உங்களுது ஆறு."

"அப்ப லேப்டாப்பையே கொண்டுபோய்க் காட்டலாமா பாய்?"

"அவங்க விடுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

டிஸ்க்கோடு ஆபீசுக்கு ஓடினாள். "கொண்டாங்களேன்," என்றார் பஞ்சநதம். டிஸ்க்கை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, யூனுஸ் பாயை அழைக்கத் திரும்ப ஓடினாள்.

இருவரும் லேப்டாப்போடு வந்தபோது பஞ்சநதத்தின் முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே அது எதுக்கு? இங்கேயே திறந்துடுச்சு டீச்சர்! செருகிப் பாத்தேன், விடாம கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன். பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு ஃபைல் இல்லை.

தங்கம்மாள் பெஞ்சில் சரிந்தாள். வெளியே முப்பத்திரண்டு குடும்பமும் நின்றது. டீத் தூக்கோடு ரெக்கார்டு ரூம் கோவிந்தராசு உள்ளே வந்தார்.

"அண்ணே," அவள் எழுந்துவிட்டாள். "உதிர்ந்தாலும் பரவால்ல. அந்த அடங்கல் நோட்டையெல்லாம் அப்படியே அள்ளிட்டு வாங்க!"

"அந்தக் குப்பையா? அதான் உங்க தம்பி எல்லாத்தையும் டிஸ்க்குல ஏத்திட்டாரே டீச்சர், போன வாரந்தான் எடைக்குப் போட்டுட்டு ரூமைக் கழுவிவிட்டேன்!"