உத்தியோகத்தில் இருந்த புத்தகங்கள்

"அத்த எடுக்காதீங்க சார். கம்ப்யூட்டரு சாஞ்சிடும்" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த பரிமளா.

நூலகர் மணவாளன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய டெலிபோன் டைரக்டரியை உருவினார். உத்திரமேரூரைத் தாண்டியிருந்த அந்தச் சின்ன நூலகத்துக்கு, காஞ்சிபுரத்திலிருந்து அதிகாரி வந்துகொண்டிருந்தார். வேறோர் ஊரில், யாரும் தொடாத குறிப்பு நூல்களைக் கோணியில் கட்டி எடுத்துப் போய்விட்டார்களாம். இங்கேயும் அதற்குத்தான் வருகிறார் என்று மணவாளன் நினைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அலமாரியில் ஒழுங்காக அடுக்கிவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உத்தியோகத்தில் இருந்தது.

டைரக்டரியைப் புரட்டினார். அந்தக் காலத்தில் பக்கத்து ஊரான பெருநகரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, இதில் நம்பர் தேடி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவார்கள். கம்ப்யூட்டர் சாய்ந்து, ஒயரை இழுத்துக்கொண்டு அணைந்தது.

அடுத்தது அகராதி. மேசைக்கு நான்காவது கால் அதுதான். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பேர் பொறுக்கியது அதிலிருந்துதான். உருவியதும் மேசை மண்டிபோட்டது. செம்புத் தண்ணீர் வருகைப் பதிவேட்டில் கொட்டியது.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க?"

"புக்கைக் காப்பாத்தறேம்மா."

உடைந்த ஜன்னலை அடைத்திருந்த அட்லஸை எடுத்தார். துபாய் எங்கே என்று காட்டச் சொல்லி, மகனை அங்கே வேலைக்கு அனுப்பிய அம்மாக்கள் விரல் வைத்துப் பார்த்த பக்கம் மட்டும் அழுக்கேறியிருந்தது. அதை அவர் தடவிக்கொண்டிருக்கையில், ஓர் ஆடு தலையை உள்ளே விட்டு அன்றைய பேப்பரை மென்றது.

மிச்சம் கலைக்களஞ்சியத்தில் ஒரு தொகுதி. அது அலமாரிக்கே அடியில் இருந்தது.

"அத்தயாச்சும் வுட்டுடுங்க சார்."

"ஒண்ணு கொறஞ்சா செட்டு போச்சும்மா."

உருவினார். அலமாரி முன்னால் சாய்ந்தது. முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றபோது அதிகாரியம்மா உள்ளே வந்தார். கம்ப்யூட்டர், மேசை, ஆடு, மணவாளன் என்று வரிசையாகப் பார்த்தார். வந்த வழியே வெளியே போய்விட்டார்.

வாசலில் நின்ற அதிகாரியின் டிரைவர் தமிழரசனிடம் மணவாளன் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்: "கோணி எடுத்தாரத்தான் போறாங்களாப்பா?"

"கோணியா? மேசை ஒடஞ்சிது, ஜன்னல் பேந்துதுன்னு இருவது வருசமா ஒரு லெட்டருகூட போடாத லைப்ரரி மாவட்டத்துலயே உங்குளுதுதான்னு, பரிசு குடுக்கத்தான சார் வந்தாங்க."