டிரம்பெட் சிறையிலிருந்து குரல் மீட்ட படலம்

வாழ்க, பொதிபிரி வல்லோன்! பார்சல் அலுவலகத்தில் நாளொன்றுக்கு எண்ணூறு பொதிகளை ஊர்வாரியாகப் பிரித்தெறியும் தடந்தோளன், ஒட்டுநாடா கிழித்துக் கிழித்து நகம் தேய்ந்த கையன், ஞாயிறு பிற்பகல் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போன் என்னும் தலைக்கவசம் தரித்து, நாற்காலித் தேர் ஏறிய வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். தேரின் ஒரு கால் ஆடியது. காகிதம் மடித்துச் செருகினான்.

போருக்குக் காரணம் கேளீர். மனைவி இறந்து பதினொரு மாதம். அவள் குரல் எஞ்சியிருந்தது ஒரே இடத்தில்: அலுவலக ஆண்டு விழாவில், கரோக்கி இசைக்கு மைக் பிடித்து அவள் பாடிய பாட்டின் நான்கரை நிமிட ஒலிப்பதிவில். அந்தோ! அங்கும் அவள் தனியாக இல்லை. முப்பது வயலின்கள் வேலியாய்ச் சூழ, பித்தளைத் தொண்டையன், மூச்சடங்கா முரடன், அழையா இடத்தில் அலறுவான் ஆகிய டிரம்பெட் என்பான் அவளுடைய ஒவ்வொரு வரியின் வாலையும் மிதித்து நின்றான். அவளை மட்டும் ஒருமுறை கேட்க வேண்டும். அவ்வளவே வீரனின் வேட்கை.

இணையத்தில் ஒரு வித்தை கண்டான். இடப்பக்க ஒலியைத் தலைகீழாக்கி வலப்பக்க ஒலியோடு மோதவிட்டால், இரண்டிலும் பொதுவாய் உள்ளது மாயும். மாய்வது பகைவன் என்று நம்பி, குலதெய்வத்தை எண்ணிப் பொத்தானை அழுத்தினான். இரு பக்கமும் சமமாய் நடுவில் நின்றவளோ பாடகி! வலப்புறம் ஒதுங்கியிருந்த டிரம்பெட், அரசி நீங்கிய அரண்மனையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தவனைப்போல், தடையேதுமின்றி முழங்கினான்.

வீரன், அன்று விழாவுக்கு மைக்செட் போட்ட மச்சினனைப் போனில் அழைத்தான்.

“என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க? அது குரலை எடுக்குற வழி இல்ல, குரலைத் தூக்கிப் போடுற வழி!”

“டிரம்பெட் மட்டும் நல்லா கேக்குது.”

“கேக்காம? அக்காவை வெளிய தள்ளிட்டு அவனை உள்ள உக்கார வச்சிருக்கீங்களே! சேவ் கீவ் பண்ணிடாதீங்க. அன்னைக்குப் போட்ட கரோக்கி எங்கிட்ட இருக்கு, அனுப்புறேன். அதைத் தலைகீழாக்கி அக்கா பாட்டுமேல போடுங்க. மயிரிழை பிசகுனாலும் தகர டப்பா சத்தம் வரும், பாத்துக்கோங்க.”

படைக்கலம் வந்து சேர்ந்தது. ‘பித்தளைத் தொண்டையனே, உன் மூச்சு இன்றோடு முடிந்தது’ என வீரன் உள்ளத்துள் சூளுரைத்தான். வாய்விட்டுச் சொன்னது “ம்” மட்டுமே. அலைக்கு எதிர் அலை நிறுத்தி, மேட்டுக்குப் பள்ளம் பொருத்தி, நொடியை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு முன்னும் ஒரு கூறு பின்னுமாய் நகர்த்தி, தகர டப்பாக்கள் ஊழிக்காலப் பெருமழையில் உருண்டாற்போல் எழுந்த ஓசையைப் பல் கடித்துப் பொறுத்து, தேநீர் ஆறி ஆடை கட்டியதும் அறியாமல் பொருதான். நாற்பத்து மூன்றாம் முறை, வயலின்கள் வீழ்ந்தன. டிரம்பெட் அவிந்தான். அமைதியின் நடுவே, மூச்சு இழுக்கும் ஒலிகூடத் தெளிய, அவள் பாடினாள்.

பல்லவி முடிந்தது. அன்று டிரம்பெட் பொங்கி அரங்கையே மூழ்கடித்த இடைவெளியில், முன்வரிசையில் இருந்த வீரன் அவள் உதடு அசைவதை மட்டும் கண்டு, ‘எப்படிப் பாடுறேன்?’ என்கிறாள் என எண்ணிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான். இன்று அந்த இடைவெளியில் பகைவர் எவருமில்லை. மைக்கிலிருந்து சற்றே முகம் திருப்பிய அவள் குரல் கேட்டது:

“ஏங்க, கிளம்பும்போது கேஸை மூடினீங்களா?”

அவன் எழுந்து போய்ப் பார்த்தான், மூடியிருந்தது.