நோவாக் வம்சத்தை விசாரித்த விபரம்

ஹம், மேற்கு ஜெர்மனி
மாசி, 1986

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு,

மூத்த மருமகன் நடேசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகள் சுந்தரேஸ்வரியும் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். அங்கு தாங்களும் மாமியும் ஷெல் குண்டு விழாத பக்கமாகப் பார்த்துச் சுகமாக இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்களோடு இங்கிருக்கும் இளைய மகள் ஜெயமலர் விரும்பியிருக்கும் ஸ்ரெபான் நோவாக்கின் படத்தைப் பார்த்ததாகவும், ஆள் பார்வைக்குப் பிழையில்லை என்றும், ஆனால் நோவாக் என்றால் யார், எந்த ஊர், என்ன பகுதி, என்ன சாதிசனம் என்று நாலு இடத்தில் விசாரித்து எழுதினால்தான் சம்மதம் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆண்பிள்ளை இல்லாததால் தங்கள் பெயர் தங்களோடு முடிந்துவிடுமே என்ற வழக்கமான கவலையையும் கடைசியில் சேர்த்திருந்தீர்கள். ஜெயமலரோ, "அப்பா ஓம் எண்டு எழுதாமல் நான் கழுத்தை நீட்டமாட்டன். நீங்கள்தான் விசாரிச்சு எழுதவேணும் அத்தான்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு அழுதாள். அவள் அழுதால் உங்கள் மூத்த மகளும் அழுவாள். இரண்டு பேர் அழுகிற வீட்டில் யார் சமைப்பது? உடனே புறப்பட்டேன்.

நம்மூர் முறைப்படி மாப்பிள்ளை வீட்டில் கேட்காமல் முதலில் அவர்களின் அயலில் என் அரைகுறை ஜெர்மனில் விசாரித்தேன். பக்கத்து வீட்டு அம்மா, கன காலமாக அருகில் இருப்பதாகவும் காலையில் வணக்கம் சொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாதென்றும் சொன்னார். பிறகு, நீங்கள் பொலிஸா என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார். மாமா, நம்மூரில் அயலவனுக்கு நாம் நேற்று வைத்த கறி கூடத் தெரியும். இதெல்லாம் ஓர் ஊரா?

வேறு வழியின்றித் தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால், ஒரு முழுப் பத்தி நோவாக்! இவ்வளவு இனசனமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டை விட்டால், நாளைக்குக் கலியாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள் அல்லவா? ஆகவே எல்லா வீட்டுக்கும் பிஸ்கட் பெட்டியோடு போவதென்று தீர்மானித்தேன். முதலாவது நோவாக் பல் வைத்தியர். ரேர்மீன் என்கிற முன்பதிவு எடுக்காமல் அவரைச் சந்திக்க முடியாது என்றார்கள், எடுத்தேன். கதிரையில் படுக்க வைத்தார்கள், படுத்தேன். ஸ்ரெபான் உங்களுக்கு என்ன முறை என்று கேட்க வாயைத் திறந்ததுதான் தெரியும், ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. நான் கொண்டுபோன பிஸ்கட் பெட்டியைக் காட்டி, எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்றார். ஸ்ரெபானை அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

அடுத்து சிசிலி நோவாக் என்ற அம்மா. கோப்பி தந்து இருத்தி, நோவாக் என்றால் குடிகாரன், பொய்யன், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராதவன் என்று அழுதழுது சொன்னார். இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று எழுதவே நினைத்தேன். எழும்பும்போதுதான் தெரிந்தது, அவர் சொன்னது தாம் தள்ளிவைத்த புருஷனைப் பற்றி. பெயரை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றேன். பெயர் நல்ல போலந்துப் பெயர், ஆள்தான் சரியில்லை என்றார். மூன்றாமவரோ போலந்து என்ற சொல்லைக் கேட்டதும் சிவந்துபோய், தாங்கள் சுத்த ஜெர்மன்காரர் என்று சத்தம் போட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய தாய் உள்ளேயிருந்து, ஜெர்மன் அல்லாத ஏதோ பாஷையில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கறுத்த மனிதன் பிஸ்கட்டோடு நோவாக்குகளைத் தேடித் திரிகிறான் என்ற கதை ஸ்ரெபானின் தகப்பன் வின்சன்ற் நோவாக்கின் காதுக்கும் போய், ஞாயிறு மத்தியானம் மனிதர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கதவளவு ஆள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். ஜெயமலர் குசினி வாசலில் வடைச் சட்டியோடு நின்றாள். அவர் சுந்தரியின் வடையில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். அவருடைய வேகத்துக்கு என் ஜெர்மன் போதவில்லை, ஜெயமலர்தான் மொழிபெயர்த்தாள்.

"இவையளெல்லாம் ஒரு குடும்பமில்லையாம் அத்தான். போலந்திலை ஒரு ஊருக்குப் புதுசா ஆர் வந்தாலும் நோவாக் எண்டுதான் கூப்பிடுவினமாம். புது ஆள் எண்டு அர்த்தமாம். அதாலை எல்லா ஊரிலும் நோவாக் இருக்கினமாம். இவரின்ரை பாட்டன் கரி வெட்ட இஞ்சை வந்தவராம்."

"அப்ப ஊர் பேர் இல்லாத வந்தான் வரத்தான் எண்டு சொல்லுங்கோவன்!" என்றாள் தங்கள் மூத்த மகள்.

அதை மொழிபெயர்க்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன். ஜெயமலர் மொழிபெயர்த்துவிட்டாள். மனிதர் வடையைக் கீழே வைத்துவிட்டு வீடு அதிரச் சிரித்தார். சிரித்து முடித்து, இந்த ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார்.

மாமா, நான் இன்னொரு வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அகதி அனுமதிக்கு அலைந்துகொண்டு, செத்துப்போன என் தகப்பனின் பெயரையே இங்குள்ள அதிகாரிகள் குடும்பப் பெயரென்று பதிந்து, 'ஹெர் கந்தையா', அதாவது திருவாளர் கந்தையா, என்று கூப்பிட்டால் ஓமென்று நிற்கிற நானா இந்த மனிதரின் பூர்வீகத்தை விசாரிக்கப் போனேன்?

ஆகவே விசாரணை முடிவு: நோவாக் என்பதற்கு ஊருமில்லை, பகுதியுமில்லை. எங்களைப் போல வந்தவர்கள். நல்ல மனிதர்கள். பிள்ளை சோறு தின்னாமல் இருக்கிறாள். ஓம் என்று ஒரு சொல் எழுதிப்போடுங்கள். மாமிக்கு எங்கள் அன்பு. தங்கள் காலைத் தொட்டு வணங்கும்,

மருமகன்
நடேசன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜெயமலரும் ஸ்ரெபானும் கலியாணப் பதிவுக் கந்தோரில் விபரம் கேட்டுவிட்டு வந்தார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி மாப்பிள்ளை பெண்ணின் குடும்பப் பெயரையும் எடுக்கலாமாம். நோவாக் ஊர் நிறைய இருக்கிறார்கள், ஒருவர் குறைந்தால் ஒன்றுமில்லை, ஆனால் முருகேசு ஒருவர் கூட இல்லையே என்று ஸ்ரெபான் தங்கள் பெயரை எடுக்க முடிவு செய்துவிட்டான். ஆகையால் மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. என் பல்லும் வீணாகப் போயிற்று. இனி இவன் ஸ்ரெபான் முருகேசு. பிறக்கிற பிள்ளைகளும் முருகேசு. அடுத்த தொலைபேசிப் புத்தகத்தில் தங்கள் பெயர் வரும்.

ஒரு சிக்கல். வின்சன்ற் நோவாக் பிஸ்கட் பெட்டியோடு வந்து எங்கள் முன்னறையில் இருக்கிறார். முருகேசு என்றால் யார், எந்த ஊர், எப்படிப்பட்ட ஆட்கள் என்று விசாரிக்க வேண்டுமாம். என்ன சொல்லட்டும்? உடனே எழுதவும்.