விபத்து அனுபவச் சான்று

அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்கள், விபத்து நேர்ந்தால் பதறாமல் செயல்படத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டது. யாரும் குறை சொல்ல முடியாத ஆசை. ஆகவே, ஏற்கெனவே விபத்து அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே தகுதிச் சான்று என்று சுற்றறிக்கை வந்தது. ஆம்பூர்ப் பக்கத்து ஓட்டுநர்களான நாங்கள் வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றோம்.

என் முன்னால் நின்ற ஆபித் பாஷா, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆசிட் டேங்கர் ஓட்டுகிறவர். இருபது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இன்றைக்குச் சான்று கிடைக்காவிட்டால் முதலாளி டேங்கரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். இந்த வயதில் அவருக்கு வேறு வேலை யாரும் தரப்போவதில்லை.

ஆய்வாளர் ஹேமலதா விண்ணப்பத்தைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"விபத்து விவரம்ங்கற இடம் காலியா இருக்கே?"

"ஒண்ணும் ஆவல மேடம்."

"சின்னதாக்கூடவா?"

"இல்லீங்க."

"அப்ப டேங்கர் கவுந்தா இன்னா செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கவுக்காம ஓட்டத் தெரியும் மேடம்."

"அது இந்தச் சான்றுல வராதுங்க."

அடுத்து இளம்பரிதி. பாலாற்றில் ஒரு டேங்கர், மாதனூர்ப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம் என்று அனுபவத்தைச் சேர்த்து வைத்திருந்தார். உடனே சான்று. சாலைப் பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். சால்வை என்றால் எங்களுக்குக் கை தன்னால் தட்டும். தட்டினோம்.

"நான் இப்ப இன்னா பண்றது மேடம்?" என்றார் பாஷா.

"ஒரு சிறு விபத்து. உயிர்ச்சேதம் கூடாது. ஆபீஸ் மூடறதுக்குள்ள முடிச்சிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

"எதுல மோதறது?"

"அத நாங்க சொல்லக் கூடாதுங்க. சட்ட விரோதம்."

பாஷா காலி டேங்கரைக் கிளப்பினார். நாங்கள் சுவரோரம் நிறுத்தியிருந்த அவரவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அலுவலகச் சுற்றுச்சுவரைப் பார்த்து வண்டி வேகமாக வந்தது. ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தார். மறுபடியும் நின்றது.

"கால் கேக்க மாட்டேங்குது மேடம். தானா பிரேக்கு மேல போவுது," என்று இறங்கினார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது.

'போதிய வாய்ப்பு அளித்தும் விபத்து ஏற்படுத்த இயலாதவர். தகுதியில்லை' என்று ஹேமலதா எழுதினார்.

முதலாளி போனிலேயே முடிவு செய்துவிட்டார். பாஷாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்ட இளம்பரிதி, வழியில் ஆசிட் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போகும் அவசரத்தில் கேட் தூணை உரசிவிட்டு நெடுஞ்சாலையில் திரும்பினார்.

அலுவலகம் மூடும் நேரமாகியும் நாங்கள் யாரும் பைக்கை எடுக்கவில்லை. ஹேமலதா கார் சாவியோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாஷாவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"பாய், நீங்களும் ஆம்பூர்தானே? என் காரை ஓட்டினு வர்றீங்களா? வழியில டியூஷன்லேர்ந்து பாப்பாவ வேற ஏத்திக்கணும்."

"எனக்கு இன்னா மேடம் தகுதி இருக்கு?" என்றார் பாஷா. "முன்னாடி போறாரே, அவர்தான் தகுதியான ஆளு. நீங்களே பாத்துக் குடுத்தது. தைரியமா போங்க."

சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கக் காட்பாடிப் பக்கம் நடந்தார்.

நாங்கள் ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பினோம். ஹேமலதாவும் கிளப்பினார். ஆம்பூருக்கு வேறு ரோடு கிடையாது.