மிளகாய்க் கிட்டங்கியில் எடை குறைத்தவன்

குளித்தால் உடம்பு தண்ணீரை உறிஞ்சி எடை கூடிவிடும் என்று நாற்பது வயது தாண்டியும் நம்பியவன் நான். (சிரிக்காதீர்கள். பயறை ஊறப்போட்டால் பெருக்கிறதா இல்லையா? அந்தக் கணக்குதான்.) இந்த ஒரு விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தையே அழவைத்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே கல்யாணம்கூட இல்லை.

எனக்கு விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அதற்கு முன்னால், சென்னையில் வேலை பார்த்த காலத்தில், நான் ஒரு எம்எம்ஏ வீரன். குத்து, உதை, மல்லுக்கட்டு, கழுத்து நெரிப்பு எல்லாம் கலந்த அந்த விளையாட்டு அப்போதுதான் நம் பக்கம் எட்டிப்பார்த்திருந்தது. விதி எங்களுக்கும் தெரியாது, நடுவருக்கும் தெரியாது. கராத்தே தெரிந்தவன் உதைப்பான், கபடி தெரிந்தவன் காலைப் பிடிப்பான். நான் கபடி. சில சண்டைகளில் ஜெயித்தும் இருக்கிறேன். (எதிராளிக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்த சண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

வீடு கோவில்பட்டியில். போன வருஷம் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில், ஒரு லேத் பட்டறைக்கு மாடியில், எம்எம்ஏ பயிற்சிக்கூடம் திறந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். அங்கேதான் யாசின் அறிமுகமானான். கல்லூரி முடித்த பையன். அவன் அத்தா, அதாவது அப்பா, பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, சும்மா கொஞ்சம் உருண்டு பாப்பமா?" என்றான்.

"ஏலே, ஒன் வயசுல நான்..." என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் ஆளைக் காணோம். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். என் முதுகில் இருந்தான்.

"அங்கன எப்படிலே போன?"

"நீங்க இந்தப் பக்கமா சாஞ்சீங்கல்லா. அந்தப் பக்கம் எடம் காலியா கெடந்துச்சு."

ஏதோ பேருந்தில் சீட்டுப் பிடித்தவன் மாதிரி சொன்னான். எனக்கு அடிபட்ட வலியைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் போய் அவனைக் கேள்வி கேட்டே கொன்றேன். சாப்பாட்டைத் தராசில் நிறுத்துச் சாப்பிட்டான். கையில் கட்டியிருந்த கடிகாரம் அவன் தூக்கத்தை அளந்தது.

"தூங்குறதக்கூட அளக்குதீங்களாலே?"

"அதான் அண்ணாச்சி முக்கியம்."

எங்கள் காலத்தில் ஓங்கி ஒரு குத்து விழுந்தால் தூக்கம் தானாக வரும். அதை யாரும் அளந்ததில்லை.

ஒருநாள் யாசின் என்னிடம் ஓர் உதவி கேட்டான். பெங்களூரில் ஒரு பெரிய பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள். முன்னால் போட்டிகளில் ஆடிய ஒருவரோடு மோதி ஜெயித்த வீடியோவை, வெட்டாமல் ஒட்டாமல், முழுசாக அனுப்ப வேண்டும். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட பழைய ஆள் நான் ஒருத்தன்தான். அவன் அத்தாவும் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "எடம் கெடச்சா பெங்களூருக்குப் போ. கெடைக்கலயா, கடைக்கு வந்து வளையல் அடுக்கு."

"ஒனக்காகத் தோத்துரவாலே?" என்றேன் பெருந்தன்மையாக.

"வேண்டாம் அண்ணாச்சி. நெசமாவே ஆடுங்க," என்றான். அவன் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது.

பயிற்சியாளர் அந்தோணி கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் போட்டிக்கு ஏற்பாடு செய்தார். ஒரே சிக்கல், யாசினின் எடைப் பிரிவுக்கு நான் சில கிலோ அதிகம். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தால் வியர்த்து இறங்கிவிடும் என்றான் யாசின். வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி செண்பகம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குழாய்ல தண்ணி வந்து ஒரு வாரமாச்சு. இதுல ஒங்கள வேற ஊறப்போடணுமா?"

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன? என்னிடம் கிட்டங்கி இருக்கிறதே! தகரக் கூரை. சித்திரை வெயில். உள்ளே அடுக்கடுக்காக வத்தல் மூட்டை. உடம்போடு ஒட்டும் பனியனைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மூட்டைகளின் மேல் மத்தியானமெல்லாம் கிடந்தேன். வியர்வை ஆறாக ஓடியது. எடை இறங்கியது. இறங்கிய எடை திரும்ப ஏறிவிடக் கூடாதே என்று குளிக்கவில்லை. (விஞ்ஞானம்!) துண்டால் துடைத்ததோடு சரி. போட்டியன்று அதே பனியனோடு போய் எடை பார்த்துத் தேறினேன். அப்புறமாவது குளித்திருக்கலாம். பசி. புரோட்டாக் கடைக்குப் போய்விட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக வத்தலோடு புழங்குகிற எங்களுக்கு அதன் நெடி தெரியாது. தோலும் மரத்துப்போய்விடும். பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வரும். மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

சண்டை தொடங்கியது. யாசின் வழக்கம்போலக் காணாமல் போய் என் முதுகில் முளைத்தான். கையைக் கழுத்தில் சுற்றி, கன்னத்தை என் பிடரியில் அழுத்தி நெரித்தான். எனக்கு வியர்த்தது. முடிந்தது கதை என்று நினைக்கும்போது, காதுக்குள் வெடி வெடித்த மாதிரி ஒரு தும்மல். பிடி விட்டுப்போனது.

'ஆஹா, பழைய கபடி உதறல் வேலை செய்கிறதே!' என்று பூரித்தேன். மறுபடி பிடித்தான். மறுபடி தும்மல். மறுபடி உதறினேன். கூட்டத்தைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினேன். கூட்டம் கைதட்டவில்லை, இருமியது. பின்னால் இருந்த பெரிய காற்றாடியின் காற்று என்னைத் தழுவிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவராக நின்ற அந்தோணி குனிந்து பார்த்தவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே பின்வாங்கினார்.

அப்போதுதான் யாசினின் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கி மூடி, கண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. குனிந்து என் பனியனைப் பார்த்தேன். வெள்ளைப் பனியன், குழம்பில் முக்கியெடுத்த நிறத்தில் இருந்தது. புரிந்துவிட்டது.

"நிறுத்திருவமாலே?" என்றார் அந்தோணி. நிறுத்தினால் ஆட முடியாதவன் தோற்றவன். வீடியோ போச்சு, பெங்களூர் போச்சு. முன்வரிசையில் அவன் அத்தா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

"நிறுத்தாதீங்க சார்," என்றான் யாசின், கண்ணைத் திறக்காமலே.

நானே விழுந்துவிட்டால்? வேஷம் என்று வீடியோவில் தெரிந்துவிடும். அவனை நெருங்கினால் இன்னும் எரியும். பேசாமல் சத்தமில்லாமல் பூனைநடை நடந்து மூலைக்கு ஒதுங்கினேன். ஒரு முடிவுக்கு வரும்வரை ஒளிந்திருக்கலாம் என்று எண்ணம். கண்ணை மூடிக்கொண்டே அவன் தலை என் பக்கம் திரும்பியது. நான் இந்த மூலைக்கு வந்தேன். தலை இந்த மூலைக்கு வந்தது. நியாயமாக நடந்துகொள்வது எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து காலை வாரினான். கையை மடக்கினான். என் நியாய உணர்ச்சியைக் கேட்காமலே என் மற்றொரு கை பாயைத் தட்டிச் சரணடைந்தது.

வீடியோ போனது. பெங்களூர்க்காரர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்டார்களாம்: பையன் ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறான், பார்க்க வந்தவர்கள் ஏன் அழுகிறார்கள்? ஆனால் எடுத்துக்கொண்டார்கள். அவன் அத்தா கடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது யார் தும்மினாலும் செண்பகம் அடுப்படியிலிருந்தே பிள்ளைகளிடம், "ஒங்கப்பா வந்துட்டாரா பாருங்க" என்கிறாள்.

என்னை மட்டும் ஒரு கேள்வி மாதக்கணக்கில் அரித்தது. கண் தெரியாமல் என்னை எப்படிக் கண்டுபிடித்தான்? பாயின் அதிர்வைக் காலால் உணர்ந்தானா? மூச்சுச் சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டானா? இந்தத் தலைமுறைக்கு இதற்கென்றே தனிப் பயிற்சி இருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அரைமணி நேரம் விளக்கினேன். பெருநாளுக்கு ஊருக்கு வந்தவனைப் பஜாரிலேயே மடக்கிக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, உண்மையச் சொல்லு. கண்ண மூடிக்கிட்டு என்னைய எப்படிலே கண்டுபிடிச்ச? என்ன டெக்னிக் அது?"

யாசின் இரண்டடி தள்ளி நின்றபடியே சொன்னான்:

"நெடி வந்த பக்கமா வந்தேன், அண்ணாச்சி."